மூச்சுக்கு ஒரு கேள்வி

எங்கள் தெருவில் அத்தைக்குப் பதில் சொல்லாமல் யாரும் தப்பித்ததில்லை. திருநெல்வேலி டவுனில் மேலரதவீதியை ஒட்டிய சின்னத் தெரு அது. ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடக்க மற்றவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும். அத்தைக்கு அரை மணி நேரம் ஆகும். வாசலுக்கு வாசல் நின்று ஏதாவது கேட்பாள். "ஏட்டி, தங்கச்சி வளைகாப்புக்குப் போனியே, என்னல்லாம் நடந்திச்சு?" என்பாள். கேட்டுவிட்டுக் கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். நாம் பேசி முடித்ததும் அடுத்த வாசலுக்கு நகர்வாள்.

எனக்குச் சொந்த அத்தை இல்லை. எங்கள் மாமியார் வீட்டுக்கு எதிர்வீடு. அவள் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து, ஓய்வு பெறும் முன்பே போய்விட்டார். இரண்டு பெண்கள். தெருப்பையன்கள் அவளுக்கு 'சி.ஐ.டி. அத்தை' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் அதைவிட மோசமாகச் சொன்னார்கள். அடுத்த வீட்டுச் சமாச்சாரம் இல்லாவிட்டால் சோறு இறங்காது அவளுக்கு என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்ன மாமியார்தான், அத்தை வாசலில் வந்து நின்றதும், என்னைப் பற்றி முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் முறையிடுவாள்.

என் வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில் வேலையில் இருந்தார். எனக்கு விசா வரவில்லை. மாமியாரும் நானும் ஒரே அடுப்படியில். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஆகவே அத்தை என்னிடம் வேறெதுவும் கேட்கவே மாட்டாள். எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்.

"மாமியா எப்படி இருக்கா?"

அவ்வளவுதான், நான் தொடங்கிவிடுவேன். பாலில் தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னது, என் அம்மா வந்தபோது காப்பியை ஆறவைத்துக் கொடுத்தது, தலைவலி என்று படுத்தால் ரேடியோவைச் சத்தமாக வைப்பது, எல்லாம் வந்துவிடும். கொட்டித் தீர்த்த பிறகு எனக்கு லேசாக இருக்கும். அத்தைக்கும் அதில் லேசாகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நெல்லையப்பர் கோயிலில் அம்மன் சன்னதிக்குப் போகிற வழியில் பார்த்தேன். வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அன்றைக்கு எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. "இருக்கா அத்தை" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அத்தை தூணைப் பிடித்தாள். "அண்ணன் வீடு கட்டுனானே, என்னாச்சு?" என்றாள். "முடிஞ்சிட்டு" என்றேன். இன்னொரு கேள்விக்கு வாயெடுத்தாள், சத்தம் வரவில்லை. கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி விழுந்து எழும்பியது. தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் பயந்துபோய் அவளைத் தூணடியில் உட்கார வைத்தேன். பக்கத்தில் போனவர்கள், ரெண்டு பொம்பளைகள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள்.

"சின்னப் பிள்ளையில கக்குவான் இருமல் வந்திச்சு. அன்னைக்குப் பிடிச்ச இழுப்பு. நெஞ்சுல பாதி வேலை செய்யலன்னு டாக்டர் சொல்லுதாரு" என்றாள், பேச்சு வந்த பிறகு. "நடந்தா இரைக்கி. நின்னா சரியாப் போவும். சும்மா நின்னா என்னன்னு கேப்பாகள்லா. அதான் நான் முந்திக் கேட்டுருதேன்."

இரைப்புக்குத் தகுந்த கேள்வி வைத்திருந்தாள். தெருமுனைக்கு வந்ததும் அதிகம் இரைக்காது, 'என்ன கொழம்பு?' போதும். கோயில் வாசல்படி ஏறினால் கொஞ்சம் கூட வேண்டும், மகன் வேலை விஷயம் கேட்கலாம். மார்க்கெட்டில் இருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் என் மாமியார் தேவைப்படுவாள். அந்த ஊரில் அவளுக்கு என் மாமியாரைவிட நல்ல மருந்து கிடையாது என்று பின்னால் நாங்கள் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஏன் அத்தை, சீக்கென்று சொன்னால்தான் என்ன என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"வம்புக்காரி மகளக் கட்டுவான். சீக்குக்காரி மகளக் கட்டுவானா? ரெண்டு பொட்டப்பிள்ள வச்சிருக்கேன். வெளிய சொல்லிராத ஏட்டி" என்றாள்.

நான் சொல்லவில்லை. மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கும் மஸ்கட்டில்தான் வேலை. மாப்பிள்ளையின் அம்மா, அதாவது அத்தையின் சம்பந்தியம்மாள், பாளையங்கோட்டைக்காரி. நல்ல உயரம், நல்ல குரல், எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்கிறவள். எந்த விசேஷத்திலும் பாத்திரக் கணக்கும் பந்திப் பொறுப்பும் அவளிடம்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "ஒங்க வீட்டுல யாருக்கும் தீராத சீக்கு ஒண்ணும் இல்லைலா?" என்று நேராகவே கேட்டாள். அத்தை சிரித்துக்கொண்டே, "ஒங்க வீட்டுல பழைய நகையெல்லாம் யாரு செஞ்சது மதினி?" என்று திருப்பிக் கேட்டாள். பேச்சு நகைக்குப் போய்விட்டது.

மூத்தவள் மஸ்கட்டுக்குப் போய் முதல் பிள்ளை உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. ஏழாம் மாதம் கூட்டிவர எல்லா ஏற்பாடும் ஆனபோது, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது, விமானம் ஏறவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மூத்தவள் போனில் அழுதாள். "அம்மா, நீ வா. எனக்குப் பயமா இருக்கு." எங்கள் வீட்டில்தான் போன் இருந்தது. அத்தை ரிசீவரை வைத்துவிட்டு நெடுநேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தாள். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை இரண்டு அம்மாக்களுக்கும் விசா அனுப்பினார். எனக்கும் அதற்குள் விசா வந்து, ஒரு தடவை போய்விட்டு விடுப்பில் வந்திருந்தேன். திரும்பும்போது மூன்று பேரும் சேர்ந்து போவது என்று முடிவாயிற்று. அத்தையை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருந்த டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"ப்ளேனுக்குள்ள இருக்க காத்து, மலை உச்சியில இருக்க காத்து மாதிரிம்மா. நல்ல நெஞ்சுக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்குப் பத்தாது. நான் சர்டிபிகேட் எழுதித் தாரேன். முன்கூட்டியே குடுத்துட்டா விமானக் கம்பெனில ஆக்சிஜன் வச்சிருவாங்க. இழுக்குற மருந்து கையிலயே இருக்கணும், பெட்டியில போட்டுராதீங்க. தண்ணி நிறையக் குடிங்க. சிகரெட் பிடிக்கிற வரிசைக்குப் பக்கத்துல உக்காராதீங்க."

வெளியே வந்ததும் அத்தை சொன்னாள், "சம்பந்திக்கு முன்னால மூக்குல கொழாய மாட்டிக்கிட்டு உக்காரச் சொல்லுதாரா? இளையவள அப்பம் யாரு கட்டுவா?" பிறகு வேப்பமரத்தடியில் நின்று யோசித்தாள். "மலை உச்சின்னுதான சொன்னாரு? மாஞ்சோலைக்குப் போய்ப் பாத்துருவோம் ஏட்டி."

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. என் சித்தப்பா மகன் மாஞ்சோலை எஸ்டேட் ஆபீசில் இருந்தான். அம்பாசமுத்திரம் போய், அங்கிருந்து மலை பஸ் பிடித்தோம். மணிமுத்தாறு அணை கீழே போய், வளைவு வளைவாக ஏறி, காது அடைத்து, பனி ஜன்னலுக்குள் வந்தது. நான் அத்தையின் கழுத்துக்குழியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அசையவே இல்லை. மழை கழுவிவிட்ட காற்று. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பைய நடந்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் நடந்தாள்.

"இங்கன மூச்சே தெரியலையே ஏட்டி!"

அன்றைக்குத்தான் அவள் தன்னைப் பற்றி நீளமாகப் பேசிக் கேட்டேன். சின்னப் பிள்ளையில் குறுக்குத்துறையில் ஆற்றின் இக்கரையில் இருந்து அக்கரைக்கு நீந்துகிற பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் இறங்கி நடு ஆறு வரை போய், திரும்ப முடியாமல் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள். யாரையும் கூப்பிடவில்லையாம். அந்த வழியாக நீந்தி வந்த ஒரு அக்காளிடம், 'ஒங்க ஊரு எது?' என்று கேட்டாளாம். சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இரைக்கவே இல்லை.

மலை என்றால் எல்லா மலையும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டோம். விமானத்துக்குள் மழைக்காற்று வராது, தேயிலை வாசனை வராது, அது மாஞ்சோலையைவிட உயரம் என்றெல்லாம் எங்கள் இரண்டு பேர் மூளையிலும் உறைக்கவில்லை. டாக்டர் சர்டிபிகேட் அலமாரிக்குள் போயிற்று.

திருவனந்தபுரத்தில் விமானம். விடிகாலையில் காரில் கிளம்பினோம். நாங்குநேரி தாண்டுவதற்குள்ளேயே சம்பந்தியம்மாள் அத்தையின் கைப்பையை இரண்டு தடவை திறந்து பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துவிட்டாள். அவள் அப்படிச் செய்வாள் என்று அத்தைக்குத் தெரியும். ஆகவே இழுக்கிற மருந்தைக் கைப்பையில் வைக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியம், சுக்கு, திப்பிலி எல்லாம் இருந்த கூடைக்குள், ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அடியில் வைத்திருந்தாள். கூடையை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்தவர், ஆளுக்கு ஒரு கைப்பைதான் என்றார். அத்தை வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மாள் கூடையை வாங்கித் தராசில் வைத்துவிட்டாள்.

"இத எதுக்கு மதினி சொமந்துக்கிட்டு? பெட்டியோட போட்டும்."

"பெரியம்மா, அதுல மருந்து இருக்கு" என்றேன் நான்.

"லேகியந்தான? கெட்டா போவும்?"

அத்தை என் மணிக்கட்டைக் கிள்ளினாள். நகம் பதிகிற கிள்ளு. ரப்பர் பட்டையில் கூடை ஆடிக்கொண்டே போய், திரைக்கு அந்தப் பக்கம் மறைந்தது. அத்தை அதையே பார்த்தாள். பிறகு சம்பந்தியம்மாளிடம் திரும்பி, "ஒங்க சின்ன மகன் பரிச்சை எழுதுனானே, எப்படி எழுதிருக்கானாம்?" என்றாள்.

சிகரெட் பிடிக்கிற வரிசைக்கு முந்தின வரிசையில் எங்களுக்கு இடம். மாற்றிக் கேட்டுப் பார்த்தேன், விமானம் நிறைந்திருந்தது. சம்பந்தியம்மாள் ஜன்னலோரம், நடுவில் அத்தை, இந்தப் பக்கம் நான். புகை பிடிக்கக் கூடாது என்கிற விளக்கு அணைந்ததும் பின்னால் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பற்றவைத்தார்கள். வீட்டை விட்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள், அவர்கள் துக்கம் அவர்களுக்கு. புகை சீட்டுக்கு மேலாக எங்களிடம் வந்தது. அத்தைக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். பொத்தினால் மூச்சு வரவில்லை, எடுத்தால் புகை.

"மதினி, ஒங்க கல்யாணம் எப்படி நடந்திச்சு?" என்றாள் அத்தை.

இதைவிட நீளமான கேள்வி அவளிடம் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

சம்பந்தியம்மாள் முதலில் கூச்சப்பட்டாள். பிறகு தொடங்கினாள். பிறந்த ஊர் சீவலப்பேரி. அறுப்பு முடிந்த கையோடு பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்தன்று மழை, பந்தல் சாய்ந்துவிட்டது. அவள் அப்பா சமையல் அடுப்பு அணையாமல் இருக்க, தன் துண்டை விரித்துப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார்.

"பொறவு?"

அந்தக் காய்ச்சலிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். மறுவீடு போன இடத்தில் சேதி வந்தது. பச்சைப் பட்டுச்சேலையோடு ஓடினாள்.

"பொறவு?"

பொறவு, பொறவு என்று ஒரே சொல். அதுவும் தேய்ந்து 'ம்' ஆயிற்று. 'ம்' போய்த் தலையாட்டலாயிற்று. சம்பந்தியம்மாள் அத்தை பக்கம் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் அத்தையின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது. "சொல்லிருவோம் அத்தை" என்று காதில் சொன்னேன். கூடாது என்று தலையாட்டினாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சம்பந்தியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள், "இதெல்லாம் என்னை யாரும் கேட்டதே கிடையாது மதினி. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வாரேன். நீங்க சொல்லுங்க. ஒங்களப் பொண்ணு பாக்க எப்படி வந்தாக?"

நன்றாகத்தான் கேட்டாள். அன்போடு கேட்டாள். அத்தை சிரித்தாள். சொல்வதற்கு வாயைத் திறந்தாள். திறந்தது திறந்தபடி இருந்தது.

நான் மணியை அழுத்தினேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி அழுத்தினேன். ஓடிவந்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். சின்ன மஞ்சள் பாட்டிலும் முகமூடியும் வந்தன. பின்வரிசையில் யாரோ சத்தம் போட, எல்லாரும் சிகரெட்டை அணைத்தார்கள். முகமூடிக்குள் இருந்து அத்தை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. உயிர் வந்ததற்கான பார்வை இல்லை அது.

சம்பந்தியம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. தெருவில் வாசலுக்கு வாசல் நிற்பதையும் சொல்லிவிட்டேன். அவள் அத்தையின் முகமூடி வாரைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பம், என் கதையக் கேட்டது மூச்சுக்காகத்தானா மதினி?"

அத்தை முகமூடியை விலக்கப் பார்த்தாள், பணிப்பெண் திரும்ப அழுத்தி வைத்துவிட்டாள்.

மஸ்கட்டில் இறங்கியதும் ஆம்புலன்ஸ். மகள் ஒரு ஆஸ்பத்திரியில், அம்மா இன்னொன்றில். அடுத்த வாரம் ஆபரேஷன் செய்து ஆண்பிள்ளை பிறந்தது. குளிப்பாட்டியது, மருந்து இடித்துக் கொடுத்தது எல்லாம் சம்பந்தியம்மாள். கூடையில் இருந்த லேகியத்தைக் கொடுத்ததும் அவள்தான். "பேறுகாலம் பாக்க வந்தவளுக்குப் பேறுகாலம் பாத்தாச்சு" என்று அத்தை மூக்குக்குழாயோடு சொன்னாள். பிள்ளையைப் பார்க்க விடவில்லை, நெஞ்சுச்சளி ஆறட்டும் என்றுவிட்டார்கள். போட்டோவைத்தான் காட்டினோம்.

ஒருநாள் சம்பந்தியம்மாள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது அத்தை, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அடுப்பு... அணையக் கூடாதுன்னு... துண்ட விரிச்சிக்கிட்டு நின்னாக ஒங்க அப்பா. மறுவீட்டுச் சேல... பச்சைன்னு சொன்னிய. மூச்சுக்காகக் கேட்டாலும்... காதுலதான மதினி விழுது." சம்பந்தியம்மாள் எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

திரும்பி வரும்போது முறையாக எழுதிக் கொடுத்தோம். முன்வரிசை இடம், சக்கர நாற்காலி, சீட்டுக்கடியில் ஆக்சிஜன். அத்தை தூங்கிக்கொண்டே வந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவ்வளவு லேசான காரியம் அது. கேட்டால் கிடைத்திருக்கும். ஊரில் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்ட பொம்பளைக்கு இந்த ஒன்றை மட்டும் கேட்க வாய் வரவில்லை.

சம்பந்தியம்மாள் கெட்டவள் இல்லை. பரிதாபப்பட்டுத்தான் நாலு பேரிடம் சொன்னாள். "பாவம், அவகளுக்குப் பாதி நெஞ்சுதான் வேலை செய்யுதாம். பேச விடாதீக." வண்ணாரப்பேட்டையில் இளையவளுக்குப் பேசி வைத்திருந்த இடம், பார்ப்போம் என்று சொல்லி அப்படியே நின்றுபோனது. இளையவள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அத்தை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

அதற்குப் பிறகு தெரு அத்தையிடம் மிகவும் நல்லபடியாக நடந்துகொண்டது. அவள் வாசலில் வந்து நின்றதுமே நாற்காலி போட்டார்கள். "தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கேட்டால், "நல்லா இருக்கா அத்தை, நீங்க பேசாதிய, இரைக்கும்" என்றார்கள். எல்லாரும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார்கள். யாரும் அவளிடம் எதையும் கொட்டவில்லை. மூச்சு வாங்குவதை உட்கார்ந்து பார்த்தார்கள். அவள் வாசலுக்கு வருவது குறைந்து, பிறகு நின்றது.

என் மாமியார் காலமானபோது, அத்தையைத் தாங்கிப் பிடித்து எங்கள் வாசல் வரை கூட்டி வந்தார்கள். தெரு அகலம்தான் தூரம். தலைமாட்டில் நின்று அழ அவளுக்கு மூச்சில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

மறுவருஷம் விடுப்பில் வந்தபோது அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் நாலு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிலிண்டர் இருந்தது. குழாய் இருந்தும் கழுத்துக்குழி விழுந்து விழுந்து எழுந்தது. டாக்டர் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று இளையவள் அடுப்படியில் வைத்துச் சொன்னாள். "பேச்சுக் குடுக்காதிய அக்கா" என்றாள்.

நான் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். அத்தை என்னைக் கண்டுகொண்டாள். கை என் மணிக்கட்டைத் தேடி வந்தது. உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"மாமியா... எப்படி... இருக்கா?"

அடுப்படியில் இருந்து இளையவள் எட்டிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. காலை மடக்கி நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.

"அத ஏன் அத்தை கேக்கிய! நேத்துச் சாயந்தரம் என்ன செஞ்சா தெரியுமா? நான் பாட்டுக்குப் பால அடுப்புல வச்சிட்டு..."